ஏனுங்க, சீட்டு எடுத்தாச்சுங்களா

என் குரலைக் கேட்டு நானே பயந்தது ஒரு டவுன் பஸ்ஸில். கவுண்டம்பாளையத்தில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நான், வீடு பெரியநாயக்கன்பாளையத்தில். அன்று மாலை ஜன்னலோரம் இடம் கிடைத்ததே பெரிய பாக்கியம் என்று கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். துடியலூரில் ஏறிய ஒரு பெண் எனக்கு முன்னால் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு செல்போனைத் திறந்தாள். "ஏனுங்க, சீட்டு எடுத்தாச்சுங்களா?" என்று போனிலிருந்து ஒரு பெண் கேட்டாள். அந்தப் பெண் நான்தான்.

அடுத்து எண்கள் வந்தன. "ஒல்லிப் பொண்ணுங்க ரெண்டு பேரு, பதினொண்ணுங்க." முன்னால் இருந்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைத் தட்டினாள். இன்னோர் எண் வந்தது, தட்டவில்லை. இன்னொன்றும் வந்தது, அதற்கும் தட்டவில்லை. அவள் பின்கழுத்து வியர்த்திருந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கும்வரை தொண்டையைக்கூடச் செருமவில்லை. அவள் திரும்பிப் பார்த்து, அந்த டீச்சர் நீங்கதானுங்களா என்று கேட்டுவிட்டால் நான் சிரிக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்பெல்லாம் அப்படி யாராவது கேட்டால் நன்றாகவே சிரித்திருக்கிறேன்.

இதைச் சொல்வதென்றால் கோயிலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் பங்குத் திருவிழாவின் கடைசி ஞாயிறு, பூசையும் சாப்பாடும் முடிந்த பிறகு கோயில் வளாகத்தில் ஹவுஸி நடக்கும். ஆளுக்கொரு சீட்டு, அதில் பதினைந்து எண்கள். மேடையில் ஒருவர் பையிலிருந்து ஒன்று முதல் தொண்ணூறு வரையுள்ள மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணைக் கூப்பிடுவார். தன் சீட்டில் வந்த எண்ணை அடித்துக்கொண்டே போய், ஒரு வரிசையை முதலில் முடிப்பவருக்குப் பரிசு. குக்கர் கொடுப்பார்கள், எவர்சில்வர் குடம் கொடுப்பார்கள், ஒருமுறை உயிரோடு ஒரு வான்கோழி கொடுத்தார்கள். சீட்டு விற்ற காசு கோயில் ஜெனரேட்டருக்கோ கழிப்பறைக்கோ போய்விடும். இருபது வருஷமாக மேடையில் நின்று எண் கூப்பிட்டவள் நான்.

நான் பிறந்தது போத்தனூரில். அங்கே ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஹவுஸி ஆடும்போது ஒவ்வோர் எண்ணுக்கும் இங்கிலீஷில் ஒரு பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி இந்தப் பங்குக்கு வந்ததும் நான் கொங்குத் தமிழில் சொந்தமாகப் பட்டப்பெயர் கட்டினேன். "பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பூசணிக்கா, எம்பத்தெட்டுங்க." "ஃபாதரு வயசு, நாஞ் சொல்ல மாட்டேன், அம்பத்தாறுங்க." ஃபாதர் முன்வரிசையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரிப்பார். சாமியாரே சிரிக்கிற இடத்தில் சூதாட்டம் என்ற வார்த்தை எப்படி நினைவுக்கு வரும்? இத்தனைக்கும், சிலுவையடியில் போர்ச்சேவகர்கள் இயேசுவின் அங்கிக்குச் சீட்டுப் போட்ட பகுதியை மறைக்கல்வி வகுப்பில் நடத்திவிட்டு, சூதாடுகிற மனுஷனுக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறதென்றே தெரியாது பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னவளும் நான்தான். இரண்டையும் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் வேறு மாதிரி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மெஷின் போட்ட லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைகிற வேலை. சீட்டுக்கட்டைக் கையால் தொட்டதில்லை. திருவிழா ஹவுஸியிலும் எனக்காக ஒரு சீட்டு வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடைசிவரை பிரித்துப் பார்க்க மாட்டார். "நீ பேசறதக் கேக்கத்தான் வந்தேன், குக்கருக்கா வந்தேன்" என்பார். அந்தக் காலத்தில் அவரிடம் வேலை பார்த்த ஒருவர் வாரம் ஒருமுறை வேலந்தாவளம் எல்லைக்குப் போய்க் கேரள லாட்டரி வாங்கி வந்து டிபன் கேரியரின் மூடிக்குள் ஒளித்து வைப்பார். ஒருநாள் சாப்பிடும்போது சீட்டு சாம்பாரோடு வெளியே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அதட்டக்கூட இல்லை. "அந்தக் கையோட மெஷினத் தொடாதீங்க. மனசு வேற பக்கம் இருந்தா வெரலு போயிருமுங்க" என்றார். அந்த மனிதர் ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை. வெட்கம் அவ்வளவு இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முந்தைய திருவிழாவில், கோயிலில் கீபோர்ட் வாசிக்கும் பெண் நான் ஹவுஸி கூப்பிடுவதைப் போனில் படம் பிடித்து ரீல்ஸில் போட்டாள். ஒரே வாரத்தில் ஊர் உலகமெல்லாம் பார்த்துவிட்டது. பல்லடத்திலிருந்து, காரமடையிலிருந்து, துபாயிலிருந்தெல்லாம் எழுதினார்கள். "எங்கூரு பேச்சக் கேட்டு அழுவாச்சியா வருதுங்க டீச்சர்" என்று ஒருவர். நான் அந்தப் பாராட்டுகளை வகுப்பு இடைவேளையில், சமையலறையில், கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதுகூடப் படித்தேன். ஐம்பது வயதில் ஒருத்திக்கு இதெல்லாம் கிடைத்தால் தலைகால் புரியாமல் போவது இயல்புதான். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே புரியாமல் போனது. நானே தனியாக ஒரு பக்கம் தொடங்கி, வாய்ப்பாட்டைக் கொங்குத் தமிழில் சொல்லித்தருவது போல வீடியோ போட ஆரம்பித்தேன்.

அப்புறம்தான் ஒரு தம்பி போனில் கூப்பிட்டார். பேச்சு வெண்ணெய். ஹவுஸி விளையாட்டு ஆப் ஒன்று வருகிறதாம். அதில் எண் கூப்பிடுகிற குரல் நம்ம ஊர்க் குரலாக இருக்க வேண்டுமாம். "மேடம், நீங்க கோயில்ல கூப்புடறதேதான். ஒரு வார்த்தைகூட மாத்த வேண்டாம்." பணம் வைத்து ஆடுவதா என்று கேட்டேன். "உங்க கோயில்லயும் டிக்கெட்டுக்குக் காசு வாங்கறாங்கல்ல மேடம்" என்றார். எனக்கு அது சரியான பதிலாகப் பட்டது. இப்போது நினைத்தால் நானே என் கன்னத்தில் அறையலாம் போலிருக்கிறது.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஷாஃப்டை அளந்துகொண்டே, "கோயில்ல வெளையாடறதுதான புள்ள, பண்ணு" என்றார். ஃபாதரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் பண்ணு என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். எங்கள் கத்தோலிக்கக் கூட்டத்தில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஹவுஸி என்றால் எங்களுக்குத் திருவிழா, பிரியாணி, வான்கோழி. அதை வெளியாள் ஒருவர் வந்து கேட்டபோது, நம் வீட்டுப் பலகாரத்தைக் கேட்கிறார்கள் என்ற பெருமையில் தூக்கிக் கொடுத்துவிட்டோம்.

காந்திபுரத்தில் ஒரு குளிரூட்டிய அறையில் உட்கார வைத்து, ஒன்று முதல் தொண்ணூறு வரை ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாகச் சொல்ல வைத்தார்கள். ஒவ்வொன்றையும் மூன்று விதமாக. முதலில் ஒரு வரி வேண்டும், ஆட வருகிறவரை நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவேனோ அப்படித்தான் வாயில் வந்தது. "ஏனுங்க, சீட்டு எடுத்தாச்சுங்களா?" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். வந்த காசில் பட்டறைக்குப் புதுக் கூரைத் தகடு போட்டோம். மழைக்கு ஒழுகாத கூரையின் கீழே அவர் நின்று வேலை செய்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

ஆப் வந்த ஒரு மாதத்தில் எங்கள் கோயில் குரூப்பே மாறிவிட்டது. அதுவரை காலை வணக்கமும் அன்றைய நற்செய்தி வசனமும் இறப்புச் செய்தியும் வருகிற குரூப். இப்போது, தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியத்தின் தலைவி ஒருவர் தான் ஜெயித்த தொகையைத் திரையோடு படம் எடுத்துப் போட்டார். கீழே வரிசையாகக் கை தட்டினார்கள். "நம்ம டீச்சர் குரல் ராசி" என்று ஒருவர் எழுத, "ஆண்டவர் ஆசீர்வாதம்" என்று இன்னொருவர் எழுதினார். ஜெயித்தவர்கள்தான் படம் போடுவார்கள். தோற்றவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அதனால் எங்கள் பங்கில் எல்லோரும் ஜெயித்துக்கொண்டே இருப்பது போல ஒரு தோற்றம். டிபன் மூடிக்குள் ஒளித்த காலம் போய், படம் எடுத்து ஊருக்குக் காட்டுகிற காலம் வந்ததை நான் கண்முன் பார்த்தேன். ஆடினேன் என்று யாரும் சொல்லவில்லை. "டீச்சர் கேமு போட்டேன்" என்றார்கள். என் பேர் அதைக் கழுவித் துடைத்துச் சுத்தமாக்கிக் கொடுத்திருந்தது.

பஸ்ஸில் அந்தப் பெண்ணைப் பார்த்தது அதற்குப் பிறகு. வீட்டுக்கு வந்து என் பக்கத்தைத் திறந்து, அன்றைக்கு முதன்முறையாகப் பாராட்டுகளுக்கு நடுவே வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். நிறைய இதயங்களுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். "பல்லடத்துல தறி ஓட்டறேனுங்க. டீச்சர் சொன்னா தப்பா இருக்காதுன்னு நம்பிப் போட்டேன். பையன் பீசு போயிருச்சுங்க. நிறுத்தறதுக்கு ஒரு வழி சொல்லுங்க டீச்சர்."

நான் அதைப் பலமுறை படித்தேன். பதில் எழுத ஆரம்பித்து அழித்தேன். பிறகு அந்தக் கடிதத்தையே அழித்தேன். ஆமாம், கடிதம் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் எனக்கு எழுதிய கடிதம். மற்றவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற ஒரே யோசனையில் விரலால் ஒரு தட்டு. திரையிலிருந்து அவர் போய்விட்டார். அவர் பேர்கூட எனக்கு நினைவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எதுவென்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை, வகுப்பிலும் கவனமில்லை. பிள்ளைகளிடம் பதினொன்று என்று சொல்லும்போது நாக்கு தடுமாறியது. ஆனாலும் என் பயமெல்லாம் வெளியில் இருந்தவர்களைப் பற்றித்தான் இருந்தது. பஸ்ஸில் பார்த்த பெண், பல்லடத்துக்காரர், குரூப்பில் பேசாமல் இருக்கிறவர்கள். என் வீட்டுக்குள் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

பரீட்சைக் காலத்தில் பள்ளி மதியத்தோடு விட்டுவிடும். அப்படி ஒருநாள் பன்னிரண்டரைக்கே வீட்டுக்கு வந்தேன். இருபத்தைந்து வருஷம் லேத்துக்குப் பக்கத்தில் சமைத்தவளுக்கு மெஷின் சத்தம் பழகிப்போயிருக்கும். இரும்பைக் கடையும்போது ஒரு சத்தம். எதையும் கடையாமல் சும்மா சுற்றும்போது வேறு சத்தம். அன்றைக்கு மெஷின் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பட்டறை வாசலுக்குப் போனேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். இடது கையில் போன். அதிலிருந்து என் குரல் வந்தது. "ஏனுங்க, சீட்டு எடுத்தாச்சுங்களா?"

அந்த நிமிஷத்தில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. நான் இல்லாத நேரத்தில் பெண்டாட்டி குரலைக் கேட்கிறார் மனுஷர் என்று வாசலிலேயே நின்று சிரித்தேன். அப்புறம் எண்கள் வர ஆரம்பித்தன. அவருடைய கட்டை விரல் திரையில் தட்டியது. பஸ்ஸில் பார்த்த அதே தட்டு. பின்கழுத்தில் அதே வியர்வை. ஷாஃப்டுக்கும் அவர் முழங்கைக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்திருக்கும்.

கூப்பிட வாயெடுத்தேன். பயந்துபோய்ச் சட்டென்று திரும்பினால் கை மெஷினுக்குள் போய்விடுமே என்று பயமாக இருந்தது. அதனால் சத்தம் போடாமல் வீட்டுக்குள் போய், மெயின் சுவிட்சை அணைத்தேன். கரண்ட் போச்சு என்று அவர் வெளியே வந்தார். நான் வந்திருப்பதைப் பார்த்து, "இன்னிக்கு நேரத்துலயே உட்டுட்டாங்களா?" என்று கேட்டார். போன் சட்டைப் பைக்குள் போய்விட்டிருந்தது. நானும் ஒன்றும் கேட்கவில்லை. என்னவென்று கேட்பது? ஆப்பில் நான் கூப்பிட்டேன், அவர் வந்தார்.

அன்றிலிருந்து பதினேழு நாள் அதைத் தெரியாதவள் போல நடித்தேன். பள்ளியில் இருந்தாலும் மனசு பட்டறையில்தான். அவர் போன் செய்தால் எடுக்கவே பயம்; வேறு யாராவது அவர் போனிலிருந்து பேசுகிறார்களோ என்று. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அவர் விரல்களைப் பார்ப்பேன். பத்தும் இருக்கும். அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவேன். இதற்கிடையில் அந்த மாதிரி ஆப்புகளுக்கெல்லாம் தடை என்று செய்தி வந்தது. நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பத்து நாளில் வேறொரு பேரில், வேறொரு நிறத்தில், அதே ஆட்டம் வேறெங்கிருந்தோ வந்தது. பேரும் நிறமும்தான் மாறியிருந்தன. குரல் என்னுடையதேதான்.

பதினெட்டாம் நாள் சனிக்கிழமை. நான் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பட்டறையில் மெஷின் ஓட ஆரம்பித்த அதே நொடியில், பாறை உடைகிற மாதிரி ஒரு சத்தம். ஓடினேன். அவர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். அடி எதுவும் படவில்லை. மேலே புதுக் கூரைத் தகட்டில் ஓர் ஓட்டை. அதன் வழியாக வெயில் தரையில் விழுந்தது.

லேத்துக்காரர்கள் வேலைக்கு வருகிறவருக்கு முதல் நாளே சொல்லித்தருவது ஒன்று உண்டு. இரும்பைப் பிடித்திருக்கும் சக் என்ற பிடியை முடுக்குவதற்கு ஒரு சாவி இருக்கிறது. முடுக்கியதும் அதை உருவிவிட வேண்டும். உருவாமல் மெஷினைப் போட்டால் அந்தச் சாவி துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். எங்கள் பட்டறையில் அதற்கென்றே சுவரில் ஓர் ஆணி உண்டு. சாவி ஆணியில் தொங்கினால்தான் சுவிட்சைத் தொட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். முப்பது வருஷத்தில் எத்தனையோ பேரை அதற்காகத் திட்டியிருக்கிறார். அன்றைக்கு ஆணி காலியாக இருந்தது. போன் தரையில் கிடந்து இன்னும் எண் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பூசணிக்கா." நான் மெஷினை நிறுத்திவிட்டு, குனிந்து அதை எடுத்து அணைத்தேன்.

"எத்தன நாளா உனக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"பரீட்சை ஆரம்பிச்சதுலிருந்துங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நானும் இரும்புச் சுருள்கள் கிடந்த தரையில், அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். தரையில் விழுந்த வெயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காசுக்குன்னு நெனச்சுப்போடாத புள்ள. மொதல்ல சும்மாதான் தொறந்தேன். நீ ஸ்கூலுக்குப் போயிட்டா ஊடு அமைதியாக் கெடக்குது. அதுல நீ பேசிட்டே இருக்கற. ஏனுங்கன்னு கூப்புடற. நீ கூப்புட்டு நான் எப்ப வராம இருந்திருக்கறேன்? அப்பறம் எப்ப அது வேற மாதிரி ஆச்சுன்னு எனக்கே தெரியல."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அவர் மேல் என்று சொல்ல ஆசைதான். அப்படிச் சொன்னால் பொய். "நாந்தானுங்க கூப்புட்டேன்" என்றேன். "உன்னச் சொல்லலம்மா" என்றார். அவர் என்னைச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எவ்வளவு போனது என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை. அவர் தன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பட்டன் போன் ஒன்று வாங்கிக்கொண்டார். நான் அந்த வெண்ணெய்க் குரல் தம்பியின் எண்ணைக் கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. என் பக்கத்தில், பொட்டுக்கூட வைக்காமல், வெறும் முகத்தோடு உட்கார்ந்து ஒரு வீடியோ போட்டேன். அந்த ஆட்டத்தை ஆடாதீர்கள், என் குரலை நம்பாதீர்கள், நான் செய்தது தப்பு என்று சொன்னேன். பல்லடத்துத் தறிக்காரர் இதைப் பார்த்தால் எனக்கு எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். ஹவுஸி வீடியோவை லட்சக்கணக்கில் பார்த்த ஜனம் இதை முன்னூறு பேர்கூடப் பார்க்கவில்லை. பார்த்தவர்களில் ஒருவர், "சரிங்க டீச்சர், அடுத்த நெம்பரச் சொல்லுங்க" என்று எழுதிச் சிரித்திருந்தார். தறிக்காரர் எழுதவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னேன். தெரியாமல் செய்ததுதானே அம்மா என்றார். அழித்த கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். அதற்குப் பரிகாரமாக ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார்.

வீட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாதத்தை வடித்துவிட்டு, எப்போதும் போல வாசலைப் பார்த்துக் கூப்பிட்டேன். "ஏனுங்க." வேப்பமரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். நிமிர்வதற்கு முன்னாலேயே அவர் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. அங்கே பட்டன் போன்தான் இருந்தது. அதைத் தொட்டதும் அவருக்குப் புரிந்தது. நான் பார்த்ததும் அவருக்குத் தெரிந்தது. "வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அதற்குப் பிறகு நான் அவரைக் கூப்பிடுவதில்லை. இந்தப் பக்கத்துப் பெண்கள் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. எங்களுக்கு இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். சாப்பாடு ஆனால் பட்டறை வாசலில் போய் நிற்கிறேன். அவர் பார்க்கும்வரை நிற்கிறேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு வாய் பேசாமல் இருந்ததில்லை.

இந்த வருஷத் திருவிழாவுக்கு ஹவுஸி கூப்பிடச் சொல்லிப் பங்குப் பேரவைச் செயலாளர் வந்தார். முடியாது என்றேன். ஹவுஸியே வேண்டாம் என்றும் சொன்னேன். அவருக்கு நான் சொல்வது விளங்கவில்லை. "காசு வெச்சு ஆடறதாங்க டீச்சர் இது? கோயில் ஹவுஸிதானுங்க" என்றார். அன்று போனில் அந்தத் தம்பி சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வது போல, "தொண்டை சரியில்லைன்னா நீங்க சிரமப்பட வேண்டாமுங்க. உங்க குரலுதான் போனுல இருக்குதே. மைக்குக்கு முன்னால புடிச்சுட்டாப் போதும், அதே கூப்புட்டுக்கும்" என்றார்.

திருவிழா ஞாயிறு அன்று காலைப் பூசைக்கு மட்டும் போய்விட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். கோயில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. இரண்டு மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு தெரு முழுக்க, எங்கள் சமையலறை முழுக்க நான் கேட்டேன்: "ஏனுங்க, சீட்டு எடுத்தாச்சுங்களா?"

அவர் கை சாதத்தில் நின்றது. நான் ஜன்னலைச் சாத்தினேன். "ஒல்லிப் பொண்ணுங்க ரெண்டு பேரு." சாத்திய ஜன்னல் வழியாகவும் வந்தது. அவர் எழுந்து, கையைக் கழுவிவிட்டுப் பட்டறைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை மெஷினைத் தொடாதவர். நானும் பின்னாலேயே போனேன். அவர் ஆணியைப் பார்த்தார். சாவி ஆணியில் தொங்கியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு, சக்கில் ஒரு துண்டு இரும்புகூடப் பிடிக்காமல், வெறும் மெஷினைப் போட்டார். பக்கத்து மெஷினையும் போட்டார். என் குரல் அந்தச் சத்தத்துக்கு அடியில் போய்விட்டது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டார். நான் சுவரோரம் நின்றேன். தொண்ணூறு எண்ணையும் கூப்பிட்டு முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? முக்கால் மணி நேரம். சுவர்க் கடிகாரத்தையும் அவர் விரல்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று, ஒரு மணி நேரமும் ஆயிற்று. கோயிலில் பரிசு கொடுத்து முடித்து, எல்லோரும் கலைந்து போயிருப்பார்கள். போதும், நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர் நான் கூப்பிட்டால்தான் திரும்புவார். அந்த ஒரு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை.